மூடிய யன்னலிலிருந்து வீசும் காற்று

நுவரெலியாவில் புதிதாகக் கட்டப்பட்ட மாடிக் கட்டடம் ஒன்றில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "யன்னல்களை இறுகச் சாத்தி, இடுக்குகளில் நாடாவும் ஒட்டிவிட்டோம். சுவரிலுள்ள வெப்பமானி 20 பாகை காட்டுகிறது. ஆனாலும் கண்ணாடியோரம் அமர்ந்திருக்கும் எனக்குக் கணுக்காலில் சில்லென்று காற்று அடிக்கிறது. காத்துக் கருப்பு என்று சொல்லி, என் மேசைப் பக்கம் வரவே சிலர் தயங்குகிறார்கள். இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?"

அது வெளியிலிருந்து வரவில்லை. அந்தக் கண்ணாடியின் மீதே பிறக்கிறது.

கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் ஆகிய மூன்றையும் சாதாரண தர வகுப்பிலேயே படித்திருப்போம். வெளியே 8 பாகையாக இருக்கும் ஒரு தை மாதக் காலையில், ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஏறத்தாழ 11 பாகைக்கு இறங்கிவிடும். அதைத் தொடும் அறைக்காற்று குளிர்ந்து, நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் அடர்த்தி கூடி, கண்ணாடியை ஒட்டியபடியே கீழ்நோக்கி வழியத் தொடங்குகிறது.

தேயிலை மலைகளில் வாழ்பவர்கள் இதைப் பெரிய அளவில் கண்டிருக்கிறார்கள். முகில் இல்லாத தை, மாசி இரவுகளில் மலைச்சரிவு தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்க, அதை ஒட்டிய காற்று கனத்து, தண்ணீரைப் போலவே பள்ளத்தைத் தேடி ஓடித் தேங்குகிறது. உறைபனி மேட்டிலுள்ள கொழுந்தை விட்டுவிட்டுப் பள்ளத்துக் கொழுந்தை முதலில் கருக்குவது இதனால்தான். அலுவலகக் கண்ணாடியும் செங்குத்தாக நிறுத்திய ஒரு மலைச்சரிவே. வாசகியின் மேசைக்கு அடியில் இருப்பது அதன் பள்ளம்.

இறங்க இறங்க அந்தக் காற்று வேகமெடுக்கும். கண்ணாடியின் உயரத்தையும் வெப்பநிலை வித்தியாசத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு அதன் வேகம் விகிதசமமானது. ஆகவே உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். இரண்டரை மீற்றர் உயரக் கண்ணாடியிலிருந்து 9 பாகை வித்தியாசத்தில் வழியும் காற்று, செக்கனுக்குக் கால் மீற்றர் வேகத்தை எட்டிவிடும். ஒரு காகிதத்தைக்கூட அது அசைக்காது. ஆனால் சேலையும் செருப்புமாக அமர்ந்திருப்பவரின் கணுக்காலுக்கு அது போதும். தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகள் மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பதோடு, குளிரைவிடக் குளிர் மாறும் விரைவுக்கே கூடுதலாகத் துடிக்கின்றன. சீராக வீசும் காற்றைவிட விட்டுவிட்டு வீசும் காற்றே அதிகம் உறுத்தும் என்பதை டென்மார்க்கின் ஆய்வாளர் ஓலே ஃபாங்கரும் அவருடைய சகாக்களும் 1988இல் அளந்து காட்டினார்கள். அத்துடன், நம் உடல் அந்தக் குளிர்ந்த கண்ணாடிக்குக் கதிர்வீசலாலும் வெப்பத்தை இழக்கிறது. தொலைவிலுள்ள சுவரில் தொங்கும் வெப்பமானிக்கு இவை இரண்டுமே தெரியாது.

ஓர் அறையின் சூடும் குளிரும் அங்கு இருப்பவர்களுக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று கணிக்க ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட வெப்ப சுகக் கணக்கு இன்றும் சர்வதேச நியமங்களுக்கு அடிப்படையாக இருக்கிறது. அது டென்மார்க், அமெரிக்கக் கல்லூரி வயதினரைச் சோதனை அறைகளில் அமர்த்திப் பெறப்பட்டது. மலையகத்து அலுவலகங்களிலும் லயன் அறைகளிலும் ஓராண்டுக்கு வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் பதிந்து, அங்கு இருப்பவர்களையே கேட்டு ஆராய்வதற்குப் பெருந்தொகை தேவையில்லை. நம் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சிறு நிதியை ஒதுக்காமல் இருப்பது தவறு என்றே நான் கருதுகிறேன்.

காத்துக் கருப்பு என்று அஞ்சுபவர்கள் உணரும் குளிர் உண்மையானது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பிழை. அந்த அச்சத்தால் ஒருவரின் மேசை ஒதுக்கப்படக் கூடாது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கண்ணாடிக்கு மிக அருகில் பிடித்து, எல்லோரையும் அழைத்துக் காட்டுங்கள். மேலே போக வேண்டிய புகை வளைந்து கீழே இறங்குவதை அவர்களே பார்ப்பார்கள்.

சூடாக்கியை எதிர்ச்சுவரில் வைத்திருந்தால் அதைக் கண்ணாடியின் அடிக்கு மாற்றுங்கள். மேலெழும் சூடான காற்று விழும் குளிர்காற்றை வழியிலேயே தடுத்துவிடும். திரை போடுவதானால் அது தரையைத் தொட வேண்டும், ஏனெனில் அடியில் இடைவெளி விட்டால் குளிர்காற்று திரைக்குப் பின்னால் வழிந்து, அதே கணுக்காலுக்கு வந்து சேரும்.