மார்ஜரின், வனஸ்பதி வாங்கும்போது லேபிளில் பார்க்க வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் மளிகைக் கடைகளில் மார்ஜரினும் வனஸ்பதியும் வேகமாக விற்கும். டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டல உணவில் எண்ணெயோ கொழுப்போ இருந்தால், அது எந்தத் தாவரத்தினுடையது, எந்த விலங்கினுடையது என்று சேர்மானப் பட்டியலில் எழுத வேண்டும் என்கின்றன 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள். மாடு, பன்றி சார்ந்த பொருள் இருந்தால் அதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். மாட்டுக் கொழுப்பைத் தவிர்க்கும் நம் வீடுகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. பட்டியலில் 'லெம்பு', அதாவது மலாயில் மாடு, என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்துத் தேட வேண்டியது 'தெர்ஹிட்ரோஜெனாசி', அதாவது ஹைட்ரஜன் ஏற்றப்பட்டது. சூடான எண்ணெயில் நிக்கல் தூளைக் கலந்து, அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜனால் நிரம்பி எண்ணெய் கெட்டியாகும். 13 பாகை செல்சியஸில் உருகும் ஒலீயிக் அமிலம், முழுதாக நிரம்பினால் 69 பாகையில் உருகும் ஸ்டியரிக் அமிலமாகிறது. வேலையைப் பாதியில் நிறுத்தினால்தான் வம்பு. நிக்கலின் மேல் ஒட்டிய மூலக்கூறு ஹைட்ரஜனை மறுபடி விட்டுவிட்டு, பிணைப்பு முறுக்கிக்கொண்ட நிலையில் வெளியேறும். இதய நோய்க்குக் காரணமான டிரான்ஸ் கொழுப்பு இதுதான். ஆகவே 'செபாரா', அதாவது பகுதி, என்ற சொல் அதோடு சேர்ந்து இருந்தால் அந்த டின்னை வைத்துவிடுங்கள். முழு ஹைட்ரஜனேற்றத்தில் டிரான்ஸ் மிகக் குறைவு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். காப்பியில் கலக்கும் கிரீமர் பெரும்பாலும் இந்த வகை.

செம்பனை எண்ணெய் இயல்பிலேயே பாதி கெட்டி. அதன் கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுத்தே மார்ஜரின் செய்யலாம், ஹைட்ரஜன் தேவையில்லை.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வாசகத்தைக் கண்டு திருப்திப்பட வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. டிரான்ஸ் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கொழுப்பு அமிலத்தைப் பற்றி விளம்பரம் செய்தால், டிரான்ஸ் உட்பட நான்கு வகையின் அளவையும் லேபிளில் காட்ட வேண்டும். நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் டிரான்ஸ் கொழுப்பு வரம்பு சுமார் 2.2 கிராம்.

பெரிய டின்னிலிருந்து பிரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் மார்ஜரினில் இந்த விவரம் எதுவும் தெரியாது. மூல டின்னைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் தவறு இருப்பதாகத் தோன்றினால் பொட்டலத்தையும் ரசீதையும் எறியாமல், தொகுதி எண், காலாவதித் தேதி, கடை முகவரியோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.