பரிகாரமும் அல்ல, கழுவாயும் அல்ல: துயர்ச் சடங்கு

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 'பியாக்குலேர்' என்று பெயரிட்ட சடங்கு வகையைத் தமிழில் 'பரிகாரச் சடங்கு' என்று எழுதுவது வழக்கமாகிவருகிறது. இது பிழை.

இலத்தீன் 'பியாக்குலும்' குற்றம் தீர்க்கும் பலியைக் குறிக்கும். ஸ்காட்லாந்து அறிஞர் ராபர்ட்சன் ஸ்மித் 1889இல் எபிரேயர், அரபியர் போன்ற செமித்திய மக்களின் பலிகளைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை ஆண்டார். 1912இல் துர்க்கைம் அதன் பொருளை வேண்டுமென்றே அகலப்படுத்தினார்: கேடு, கெட்ட அறிகுறி, துயரமோ அச்சமோ தருவது எது நேர்ந்தாலும் செய்தாக வேண்டிய சடங்குகள் எல்லாம் இதில் அடங்கும். குற்றம் தீர்ப்பது அதில் ஒரு கிளைதான். அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வரையறை கண்ணில் படுவதில்லை.

துர்க்கைம் காட்டும் முதன்மைச் சான்று ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் அன்று இருந்த இழவுச் சடங்கு. வாரமுங்கா மக்களில் ஒருவர் இறந்தால் ஆண்கள் தொடையைத் தசை அறும்படி வெட்டிக்கொள்வார்கள். பெண்கள் கிழங்கு தோண்டும் கழியால் தலையைப் பிளந்துகொள்வார்கள். யார் எதைச் செய்வது என்பதை உறவுமுறை தீர்மானிக்கும். அருந்தா மக்களில் மாமனார் இறந்தபோது தோளைக் கீறிக்கொள்ளாத மருமகனின் மனைவியை, மாமனார் முறையுள்ள இன்னொருவர் வேறொருவனுக்குக் கொடுத்துவிடலாம். இங்கே யார் செய்த குற்றத்துக்குப் பரிகாரம்? ஆளை இழந்து மெலிந்த குழு ஒன்றுகூடித் துயரைக் கடமையாக்குகிறது. கூடி அழுவதாலேயே மீண்டும் வலுப்பெறுகிறது. இறந்தவரின் ஆவி சினந்திருக்கிறது என்ற நம்பிக்கை, சடங்குக்குக் காரணம் சொல்லப் பின்னால் வந்தது என்பதே துர்க்கைமின் வாதம். 'பரிகாரம்' அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அச்சொல் இன்று ஜோசியர் கைச்சரக்கு. தோஷமும் திருநள்ளாறும் கூடவே வரும். 'ஒப்பாரி ஒரு பரிகாரம்' என்று மாணவர் விடைத்தாளில் எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வடமொழி வேண்டாமென்று 'கழுவாய்ச் சடங்கு' என்று திருத்துவோரும் உண்டு. புறநானூறு 34இல் 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்று வரும் அருமையான சொல் அது; குற்றம் தீர்க்கும் வழி என்று பொருள். ஆனால் அந்த அடியே சொல்கிறதே, வழு, அதாவது குற்றம், இருந்தால்தான் கழுவாய்! அருந்தா மக்கள் புனிதப் பொருளான சுரிங்கா தொலைந்தால் வெள்ளைக் களிமண் பூசி இரண்டு வாரம் அழுவார்கள். தியேரி மக்கள் மழை பொய்த்தால் குருதி சிந்துவார்கள். அங்கெல்லாம் வழு எங்கே? தூய தமிழாக இருப்பதாலேயே ஒரு பெயர் சரியாகிவிடாது. கலைச்சொல் குழுக்களில் இதைச் சொன்னால் கோபம்தான் மிச்சம்.

'இழவுச் சடங்கு' என்பது நெருங்கி வருகிறது. இழ என்னும் வேரில் இழப்பும் சாவும் ஒருங்கே நிற்கின்றன. ஆனால் வறட்சியையும் நோயையும் அதற்குள் திணிக்க முடியாது. எனவே பெருவகைக்குத் 'துயர்ச் சடங்கு', அதன் உட்பிரிவாக 'இழவுச் சடங்கு' என்று வைப்பதே சரி. கழுவாய் வீணாக வேண்டியதில்லை: ராபர்ட்சன் ஸ்மித் பேசுவதைக் 'கழுவாய்ப் பலி' என்று தயங்காமல் எழுதலாம்.