பெட்டி போட்டு மூடிய சம்பளம்

சம்பளக் கணக்கு பார்க்கும் மென்பொருள் ஒன்றுக்கு மின்வழிப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேரும் எச்.ஆர். ஆட்கள் பார்த்துப் பழக, மொத்தம் 14 ஸ்கிரீன் ரெக்கார்டிங். டெஸ்ட் சர்வர் தருகிறோம் தருகிறோம் என்று கிளையன்ட் இழுத்தடித்தார்கள். கடைசியில் அவர்கள் ஆளே, உண்மையான ஊழியர் விவரங்கள் இருக்கும் லைவ் சர்வரில் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்பிவிட்டார். ஒன்பதாவது வீடியோவில் யாரோ ஓர் ஊழியரின் பெயர், பான் எண், அடிப்படைச் சம்பளம் மூன்றும் 11 விநாடி திரையில் நின்றன.

எங்கள் டீம் தம்பி அதைக் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, அதுமேல வெள்ளையா ஒரு பெட்டி போட்டுட்டேன், இப்ப தெரியாது" என்றான். பாடத்தை உருவாக்கும் மென்பொருளான ஸ்டோரிலைனில் ப்ரிவியூ ஓட்டிப் பார்த்தேன். தெரியவில்லைதான். பப்ளிஷ் செய்து அனுப்பினோம். தம்பியைப் பாராட்டவும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து, பாடம் திறக்க நேரமாகிறது என்று புகார். எந்த வீடியோ கனமாக இருக்கிறது என்று பார்க்க, நாங்கள் அனுப்பிய ஸ்கார்ம் ஜிப்பை, அதாவது முழுப் பாடமும் அடங்கிய தொகுப்பைப் பிரித்தேன். உள்ளே ஸ்டோரி கன்டென்ட் என்ற ஃபோல்டரில் எம்பி4 கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தால், அந்த மனிதரின் சம்பளம் பளிச்சென்று நிற்கிறது. பெட்டியைக் காணோம்.

காணாமல் எங்கும் போகவில்லை. அது ஸ்லைடில் இருந்தது, வீடியோவில் ஏறவே இல்லை. ஸ்டோரிலைனில் வீடியோமேல் நாம் வைக்கும் பெட்டி, அம்புக்குறி, எழுத்து எல்லாம் தனித்தனிப் பொருட்கள். பாடம் ஓடும்போது பிரவுசர் அவற்றை வீடியோவின் மேலே அடுக்கிக் காட்டுகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, வீட்டுக்குள் ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். ஜிப் கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. பாடத்தைத் திறந்து பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைப் பார்க்கத் தெரிந்தால் போதும், வீடியோ தனியாகக் கிடைத்துவிடும்.

மறைப்பதென்றால் வீடியோ எடிட்டரில் மறைத்து, ரெண்டர் செய்து, அந்தப் புதிய எம்பி4-ஐத்தான் ஸ்டோரிலைனுக்குள் கொண்டுவர வேண்டும். அதிலும் மொசைக் போட்டு மங்கலாக்குவதை நான் நம்புவதில்லை. பக்கம் மேலும் கீழும் நகரும்போது, ஒரே எண் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு மாதிரியாகக் கட்டம் கட்டமாகச் சிதறும். அந்த ஃபிரேம்களைச் சேர்த்து எழுத்தைத் திரும்ப வரவழைக்க முடியும். அழகு போனால் போகட்டும், ஒரே நிறத்தில் திடமான பெட்டி போடுங்கள். இன்னொன்று, வேலை முடிந்ததும் சோர்ஸ் கோப்புகளையும் கிளையன்டுக்குக் கொடுக்கிறோமே, வெட்டாத மூலப் பதிவு அதற்குள் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும்.

மாற்றிய பாடத்தை ஏற்றினால் பழையது ஒழிந்துவிடும் என்றும் இருந்துவிடக் கூடாது. பழைய ஜிப் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பாடத்தை ஏற்றி ஊழியர்களுக்குக் காட்டும் தளமான எல்.எம்.எஸ்.ஸின் முந்தைய வெர்ஷன், ரிவியூ லிங்க், பகிர்ந்த டிரைவ், ஒரு மின்னஞ்சல் இணைப்பு, எங்கள் பேக்கப் என்று ஐந்து இடம். கிளையன்டிடம் சொல்லாமல் மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. சொல்லிவிட்டோம். போனில் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

அதற்குப் பிறகு வரும் பதிவு எதுவானாலும் வி.எல்.சி. வீடியோ பிளேயரில் போட்டு ஆங்கில 'E' விசையைத் தட்டித் தட்டி ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கிறேன். முழுக்க அல்ல, அப்படிப் பார்த்தால் வீட்டுக்குப் போக முடியாது. டைப் செய்யும் இடம், மெனு விரியும் இடம், ஜன்னல் மாறும் இடம், இந்த மூன்றும் போதும். மின்னஞ்சல் கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டியதுமே, பிரவுசர் முன்பு அடித்த முகவரிகளையெல்லாம் கீழே கொட்டிவிட்டு அரை விநாடியில் சுருட்டிக்கொள்ளும். வலது மூலையில் வாட்ஸ்அப் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சாதாரண வேகத்தில் இவை கண்ணில் படாது. இவற்றை வெட்டிக்கொண்டிருப்பதைவிட, பதிவுக்கென்றே தனி பிரவுசர் ப்ரொஃபைல் வைத்துக்கொண்டு, நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டு உட்காருவது சுலபம். காதுக்கும் வேலை இருக்கிறது. ஒரு வீடியோவில் பக்கத்து மேசைக்காரர் "இன்னும் பில் பாஸ் ஆகல" என்று புலம்பியதைத் தானியங்கிக் கேப்ஷன் அழகாகத் திரையில் எழுதிவைத்திருந்தது!

இதெல்லாம் பின்னால் ஓடும் வேலை. டம்மி டேட்டா, அதாவது கற்பனை விவரங்கள் இல்லாமல் பதிவு இல்லை என்று முதல் மீட்டிங்கிலேயே சொல்லிவிடுகிறேன். அதையும் யோசித்துத்தான் போட வேண்டும். வாய்க்கு வந்த 12 இலக்கத்தை ஆதார் என்று அடித்தால், அது யாருடையதாகவாவது இருந்து தொலைக்கும். உண்மையான ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்காது என்பதால், டம்மியை அந்த இலக்கத்தில் தொடங்குவோம். சில மென்பொருள்கள் அதைத் தவறு என்று ஏற்காது. அப்போது டெஸ்ட் சர்வரில் அந்தச் சரிபார்ப்பை நிறுத்தித் தரச் சொல்வோம், இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுவோம். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் இருக்கிறது. இம்மாதிரி உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிய பெயர் அது, யாரும் வாங்க முடியாது.

இப்போது எங்கள் எல்லாப் பாடங்களிலும் "பயிற்சி குமார்" என்று ஒரே ஊழியர்தான். 25,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தவர். கிளையன்ட் மாறுகிறார்கள், மென்பொருள் மாறுகிறது, அவருக்கு இன்னும் இன்க்ரிமென்ட் போடவில்லை.