ரப்பர் கருகும் வாசம் எங்கிருந்து வருகிறது?

மாலை 5:30க்கு வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதி எப்படி இருக்கும் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஒரு முழம் நகரும், பின்னால் நாமும் ஒரு முழம் நகர்வோம். போன மாதம் ஒருநாள் அப்படி ஊர்ந்துகொண்டிருந்தேன். ஸ்கூட்டியின் பின்னால் மனைவி, காலடியில் 10 கிலோ அரிசிப் பை. திடீரென்று ரப்பர் கருகும் வாசம். முன்னால் நின்ற பஸ்ஸை மனதுக்குள் திட்டினேன். கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் அந்த வாசம் போகவில்லை. பஸ் பாவம்.

அதே வாரம் கனடாவிலிருந்து மாமி மகன் அழைத்தான். இங்கே இரவு 8:30, அங்கே காலை 10. ஒன்ராறியோவில் பழைய ஸ்னோமொபைல் ஒன்று வாங்கியிருக்கிறான். பனியில் ஓடும் வண்டி: முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் ரப்பர்ப் பட்டை. “மச்சான், வெளியில மைனஸ் 20. இதுக்குள்ள பெல்ட் கருகி மணக்குது” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. 30 பாகைச் சூட்டில் நான் முகர்ந்த அதே வாசத்தை அவன் உறைபனியில் முகர்ந்திருக்கிறான்.

இரண்டு வண்டியின் வயிற்றிலும் இருப்பது ஒரே பொறிதான். கியர்ப் பெட்டிக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும். ஒவ்வொரு கப்பியும் இரண்டு தட்டுகளால் ஆனது. இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்தால் ஓரத்தைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியுமல்லவா, அந்தப் பள்ளத்தில்தான் பெல்ட் உட்கார்கிறது. தட்டுகளை நெருக்கினால் பெல்ட் வெளி ஓரத்துக்கு ஏறும். விலக்கினால் அச்சை நோக்கி இறங்கும்.

ஸ்கூட்டியின் முன் கப்பிக்குள் வழக்கமாக ஆறு சிறிய உருளைகள் இருக்கும். பஞ்சிகாவத்தைக் கடைகளில் ரோலர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எஞ்சின் வேகமெடுக்கும்போது மையநீக்க விசையால் அவை வெளியே ஓடப் பார்க்கும். போகும் வழி சரிவாக இருப்பதால் தட்டைத் தள்ளும். முன்னால் பெல்ட் ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது, ஆகவே பின் கப்பி தன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விரிந்து கொடுக்கும், அங்கே பெல்ட் இறங்கும். முன்னால் சின்ன வட்டமும் பின்னால் பெரிய வட்டமும் என்றால் அது முதல் கியர். தலைகீழாக மாறினால் கடைசிக் கியர். இடையில் எத்தனை கியர் என்று கேட்டால் பதில் கிடையாது, எல்லாம் ஒரே வழுக்கல். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் இப்படி இரண்டு ரப்பர் பெல்ட்டை வைத்து ஒரு காரையே ஓட்டிக் காட்டியது.

பெல்ட்டின் உட்புறத்தில் பற்கள் தெரியும். அவை கப்பியைக் கடித்து இழுக்கின்றன என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கிடையாது. சின்ன வட்டத்தில் பெல்ட் சுலபமாக வளைவதற்காக விட்ட இடைவெளிகள் அவை. இழுப்பது முழுக்கப் பக்கவாட்டு உராய்வு மட்டுமே. தட்டுகள் ரப்பரை இறுக்கிப் பிடிக்கும்வரை வேலை நடக்கும். பிடி தளர்ந்தால் வழுக்கும். வழுக்கும் இடத்தில் சூடு பிறக்கும்.

எவ்வளவு சூடு? 110 சிசி ஸ்கூட்டி எஞ்சின் ஏறக்குறைய 8 குதிரைவலு, அதாவது 6,000 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 600 வாட். உடுப்பு அழுத்தும் அயன் ஒன்றை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு அரைச் சூட்டில் விட்ட மாதிரி. மச்சானின் வண்டி 120 குதிரைவலு. அதே பங்கு என்றால் 9,000 வாட். வெளியில் எவ்வளவு குளிராக இருந்தால் என்ன?

சூடேறிய ரப்பர் முதலில் இளகும், பிறகு நாளாக ஆக இறுகும். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கும். பளபளத்த ரப்பருக்குப் பிடிப்புக் குறைவு, ஆகவே இன்னும் வழுக்கும், இன்னும் சுடும். பட்ட காலிலே படும் என்பது பெல்ட்டுக்கும் பொருந்தும்.

இதுவரை இரண்டு வண்டிக்கும் ஒரே கதை. ஆனால் வண்டி புறப்படும் கணத்தில் இரண்டும் பிரிகின்றன. வாசத்தை வைத்து மட்டும் நோயைச் சொல்ல முடியாமல் போவது இங்கேதான்.

ஸ்கூட்டியில் எஞ்சின் சும்மா ஓடும்போதும் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பின் கப்பியோடு சேர்ந்து சுழலும் கிளட்ச் கட்டைகள், வேகம் கூடியதும் விரிந்து, கிண்ணம் போன்ற உருக்கு ட்ரம்மின் உட்சுவரை உரசிப் பிடிக்கும். அதன் பிறகே சில்லு சுற்றும். அதாவது புறப்படும்போது வழுக்குவது பெல்ட் அல்ல, கட்டை. ஸ்னோமொபைலில் அந்தக் கட்டையும் ட்ரம்மும் இல்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது முன் கப்பி அகல விரிந்து பெல்ட்டை விட்டுவிடும், பெல்ட் அசையாமல் நிற்கும். முறுக்கினால் தட்டுகள் வந்து அதைக் கவ்வும். கிளட்ச் வேலையையும் பெல்ட்டே பார்க்க வேண்டும். 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஒவ்வொரு தடவையும் வழுக்கி வழுக்கிக் கிளப்புவது அந்த ஒரு பட்டி ரப்பர்தான்.

மறுநாள் என் ஸ்கூட்டியைத் தெருமுனைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாஸ் இடப்பக்க மூடியைக் கழற்றி, ட்ரம்மை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “இஞ்ச பாருங்க தம்பி, மயில் கழுத்து.” உண்மைதான். சாம்பல் நிற உருக்கில் ஒரு வளையம் அசல் மயில்கழுத்து நீலமாக மின்னியது, அதன் ஓரத்தில் வைக்கோல் மஞ்சள். உருக்கு சூடாகும்போது மேலே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் வளர்கிறது. மழைத் தண்ணீரில் சிந்திய ஒயில் நிறம் காட்டுவதுபோலத்தான் இதுவும்: படலத்தின் தடிப்பைப் பொறுத்து நிறம் மாறும். மஞ்சள் என்றால் 220 பாகை செல்சியஸ் அளவு, நீலம் என்றால் 300ஐ ஒட்டிய சூடு. என் ட்ரம் தன் காய்ச்சலைத் தன் மேலேயே எழுதி வைத்திருந்தது.

குற்றவாளி என் வலது கை. ட்ராஃபிக்கில் கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் பிரேக் பிடித்து, ஊர்ந்துகொண்டே இருப்பது என் பழக்கம். கட்டை முழுதாகப் பிடிக்கவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. பத்து நிமிடம் அப்படி உரசினால் வேறென்ன நடக்கும்? அந்தச் சூடு அச்சு வழியே பின் கப்பிக்குப் போய், அங்கிருந்த கிறீஸை இளக்கி, தேய்ந்த சீல் வழியாகப் பெல்ட்டில் தெறிக்க வைத்திருந்தது. போதாததற்கு மூடிக்குள் காற்று வரும் வழியிலிருந்த பஞ்சு வடிகட்டி தூசி அடைத்துக் கறுப்பாகிக் கிடந்தது. முன் கப்பியின் முகத்தில் உள்ள விசிறி இதழ்கள் அந்த வழியாகத்தான் குளிர்காற்றை இழுக்க வேண்டும். வாசம் பெல்ட்டில் வந்தது, நோய் கிளட்ச்சில் இருந்தது. பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த பெல்ட்டும் அதே வழியில் போயிருக்கும்.

மச்சானுக்கு வேறு வைத்தியம். ஸ்னோமொபைல்காரர்கள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு கப்பிகளின் வெப்பநிலையையும் அளந்து பார்ப்பார்கள். முன்னது அதிகம் சுட்டால் அங்கே பிடி போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். ரோலரைப்போல் தட்டைத் தள்ளும் எடைகள் இலேசாக இருக்கலாம், அல்லது ஆழமான பனியில் மெதுவாக உழுது ஓட்டியிருக்கலாம். பின்னது அதிகம் சுட்டால் அங்குள்ள ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து கொதித்தால் கப்பிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா, காற்று வருகிறதா என்று பார்ப்பது நல்லது. கொரோனாக் காலத்தில் வாங்கிய, நெற்றியில் சூடு பார்க்கும் துப்பாக்கி இதற்கு உதவாது, அது மனிதச் சூட்டோடு நின்றுவிடும். தொழிற்சாலை வகையிலும் ஒரு சிக்கல் உண்டு: பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும், ஆகவே கருவி உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி, அதன்மேல் அளந்தால் சரி.

அவனிடம் கருவி எதுவும் இல்லை. பெல்ட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கப்பிகள் கோணல். இரு பக்கமும் சீராகப் பளபளத்தால் பொதுவான வழுக்கல். வந்த படத்தில் இரண்டும் இல்லை. பெல்ட் முழுக்க நன்றாக இருந்தது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் உடுக்கின் இடைபோல் இரு பக்கமும் ஒடுங்கியிருந்தது. பெல்ட் நகராமல் நிற்க, முன் கப்பி மட்டும் அதே இடத்தில் சுழன்று அரைத்த அடையாளம் அது.

“இரவு வண்டி எங்க நிண்டது?” என்று கேட்டேன். வெளியே, ஈரப் பனியில். விடியும்போது பின்பட்டை தரையோடு உறைந்து ஒட்டியிருக்கிறது. இவன் அது தெரியாமல், புறப்படவில்லையே என்று இன்னும் இன்னும் முறுக்கியிருக்கிறான். முதலில் பின்பக்கத்தைத் தூக்கி உலுக்கி விட்டிருந்தால் போதும்.

புதுப் பெல்ட் வாங்கியாயிற்றாம். பழையதைக் கராஜ் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறான். என் நீல ட்ரம்மைப் பாஸ் பழைய இரும்புப் பெட்டிக்குள் எறிந்துவிட்டார்.