சட்டம் தெரியும், ஆனால் நம்மால் முடியுமா?

நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சட்ட விழிப்புணர்வு முகாம் என்றால், வழக்கறிஞர்களான நாங்கள் மைக்கைப் பிடித்து உரிமைகளைப் பட்டியல் போடுவோம், துண்டறிக்கை கொடுப்போம், கிளம்பிவிடுவோம். பிறகு பிரச்சினை வரும்போது யாரும் புகார் தரவில்லையென்றால் "மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்போம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தண்ணீர்ப் பிடிப்பதில் தகராறு என்றால் நாலு பேரைக் கூட்டிப் பேசி முடித்துவைக்கும் பெண், தனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றதும் "அவங்களோட நம்மால மோத முடியுமா சார்?" என்கிறார். எதிராளி மாறியதும் துணிச்சல் போய்விடுகிறது. மார்ட்டின் கிராமதிகோவ், ராபர்ட் போர்ட்டர் போன்ற ஆய்வாளர்கள், சட்டச் சிக்கலைத் தன்னால் தீர்க்க முடியும் என்ற இந்த நம்பிக்கையையே அளந்து பார்க்க முயன்றார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இலேயே சொன்னதுதான் இதற்கு அடிப்படை: அடுத்தவர் சொல்லி வருவதைவிட, தானே செய்து பார்த்து வரும் தன்னம்பிக்கைக்குத்தான் வலு அதிகம். எங்கள் முகாம்களில் சொல்வது மட்டும்தான் நடக்கிறது.

அந்தப் பெண்ணிடம் சட்டப் பிரிவு எதையும் நான் விளக்கவில்லை. வேலைக்குப் போன நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அது ஆதாரம் என்பதே அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல மனு எழுதினோம். அதைக் கொடுக்க அலுவலகத்துக்குள் அவரையே அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றுகொண்டேன். "குடுத்துட்டுப் போங்க" என்ற ஊழியரிடம், "நகல்ல தேதியோட சீல் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். பணம் வருவதற்கு முன்பே, அதே இடத்தில் வேலை பார்த்த இன்னொருவரை அழைத்து வந்துவிட்டார்.

சில சமயம் அவநம்பிக்கையிலும் நியாயம் இருக்கிறது. ஒரு மனுவுக்காக நான்கு முறை அலையவிட்டால் நான்கு நாள் கூலி போச்சு. வேண்டாம் என்று விடுவது புத்திசாலித்தனமான கணக்குதான். உலக நீதித் திட்டம் (World Justice Project) என்ற சர்வதேச அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தங்கள் சட்டப் பிரச்சினைக்குத் தீர்வு பெற முடியாதவர்கள் சுமார் 150 கோடிப் பேர். அத்தனை பேருக்கும் துணிச்சல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலுவலகம் திருந்தாமல் ஆட்களை மட்டும் உசுப்பிவிடுவது சரியில்லை.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். "நான் பாத்துக்கறேன், கையெழுத்து மட்டும் போடு" என்பார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அசல் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். தைரியம் வரட்டும் என்று நாளைக் கடத்தவும் வேண்டாம்: சம்பளம், வாடகை, வேலைநீக்கம் என்று பல கோரிக்கைகளுக்குக் கெடு உண்டு. முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "இதற்குக் கடைசித் தேதி எது?"