அரசுக் கல்லூரியில் படிக்கிறீர்களா? ஆய்வுக் கட்டுரைக்குக் காசு கட்டாதீர்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடித் தேடி, நமக்கு வேண்டிய கட்டுரையைப் பிடித்துவிட்டோம் என்று திறந்தால் சுருக்கம் மட்டும்தான் தெரியும், முழுசாகப் படிக்க டாலரில் பணம் கேட்கும். நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால், அந்தப் பணத்தை அரசே உங்களுக்காகக் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்பது திட்டத்தின் பெயர். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் இதில் வருகின்றன. மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் மூவருக்கும் உண்டு, மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உண்டு. தனியார் கல்லூரிகள் இந்தக் கட்டத்தில் இல்லை, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் இது கிடைத்தாக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

முதலில் நூலகரைப் போய்ப் பாருங்கள். கல்லூரி இதற்கான தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லி விடாமல் கேளுங்கள். ஒருங்கிணைக்கும் வேலை காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்துடையது. பதிவு முடிந்திருந்தால் கல்லூரி இணையத்திலிருந்து திறக்கும்போதே பிடிஎஃப் வந்துவிடும். விடுதியிலோ வீட்டிலோ இருந்து படிக்க ‘இன்ஃபெட்’ லாகின் வேண்டும், அதையும் கல்லூரிதான் தரும். அப்புறம் பதிப்பகத்தின் பக்கத்தில் நிறுவனம் வழியாக நுழையும் பொத்தானை அழுத்தி, கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.

சரி, திட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்? ஸ்காலரில் பல முடிவுகளுக்குக் கீழே அந்தக் கட்டுரையின் மற்ற பதிப்புகளுக்கு ஒரு இணைப்பு இருக்கும், ஆசிரியரே ஏற்றிவைத்த இலவசப் பிரதி பல நேரம் அங்கே அகப்படும். மருத்துவம், உயிரியல் என்றால் முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரு ஆய்வேட்டை எடுத்து, முன்னாய்வுகளைப் பேசும் இயலை மட்டும் முதலில் படியுங்கள். அந்தத் துறையில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது பிடிபடும், அந்தப் பெயர்களையே ஸ்காலரில் போட்டுத் தேடலாம்.