மின்சார லாரிக்கு மானியம்: பழைய லாரியைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் படிக்க வேண்டியவை

சங்ககிரியில் பல ஆண்டுகளாக லாரித் தொழில் செய்துவரும் ஒருவர், தம்முடைய பழைய ஆறு சக்கர வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி மின்சார லாரி ஒன்றை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். விற்பனை நிலையத்தில் அவரிடம் முதலில் கேட்ட காகிதம், பழைய லாரியை அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்ததற்கான சான்றிதழ். அவரிடம் இருந்ததோ, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கடைக்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்த எடையும் தொகையும் மட்டுமே. வண்டியை அதற்குள் கேஸ் வைத்து வெட்டி, இன்ஜின் தனியாக, ஆக்சில் தனியாக விற்றாகிவிட்டது. ஆர்.சி.யை ரத்து செய்ய அவர் மனுவோடு இரண்டு முறை நின்ற அலுவலகத்திலும், மானியம் வேண்டுமென்றால் வண்டியை இப்படிக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்த விளக்கத்தை எழுதியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் மொத்த ஒதுக்கீடான 10,900 கோடி ரூபாயில் 500 கோடி லாரிகளுக்கு உரியது. லாரிகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2025 ஜூலையில்தான் வெளியாயின. நாடு முழுவதும் ஏறத்தாழ 5,600 லாரிகளுக்கு மானியம் கிடைக்கும் என்றும், அவற்றில் 1,100 தில்லிக்கென்று ஒதுக்கப்பட்டவை என்றும் அரசு அறிவித்தது. ஆகவே தமிழ்நாடு உள்ளிட்ட மற்ற எல்லா மாநிலங்களும் பகிர்ந்துகொள்ள மிஞ்சுவது சுமார் 4,500 வண்டிகள். திட்டம் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருந்தாலும், முந்தி வருபவருக்கே முன்னுரிமை. பணம் தீர்ந்துவிட்டால் அந்தத் தேதிக்கு முன்பே கதவு மூடப்படும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கடைசித் தேதியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

யாருக்கு மானியம் என்பதில் முதல் குழி, வண்டியின் எடை. சரக்கோடு சேர்த்த மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 55 டன் வரை உள்ள லாரிகளுக்கு மட்டுமே இந்தப் பணம். ஊருக்குள் காய்கறியும் தண்ணீர்க் கேனும் ஏற்றும் சின்ன யானை போன்ற வண்டிகள் அந்த 3.5 டன் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. மின்சாரத்துக்கு மாறுவது உண்மையில் யாருக்கு எளிதோ, அந்தச் சிறு வண்டிக்காரர்களுக்கு இந்த மானியத்தில் பங்கில்லை. ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் இழுக்கும் வண்டிக்கு மட்டும் மானியம் உண்டு, பின்னால் வரும் ட்ரெய்லருக்குக் கிடையாது. டீசல் லாரியின் இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரி பொருத்தித் தருகிறோம் என்று யாராவது வந்தால், அந்த வேலைக்கும் இத்திட்டத்தில் ஒரு ரூபாயும் வராது. திட்டத்தில் பதிவான மாடலைப் புதிதாக வாங்கினால்தான் உண்டு.

இரண்டாவது, தொகை. 'ஒரு லாரிக்கு 9.6 லட்சம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது உச்சவரம்பு மட்டுமே. பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 5,000 ரூபாய் என்று ஒரு கணக்கும், தொழிற்சாலை விலையில் பத்து சதவீதம் என்று இன்னொரு கணக்கும் போட்டு, இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். அதுவும் அந்த எடைப் பிரிவுக்கு உரிய வரம்பைத் தாண்டாது. 200 கிலோவாட் மணி பேட்டரி உள்ள வண்டிக்கு முதல் கணக்கில் பத்து லட்சம் வரும்; அதன் தொழிற்சாலை விலை 80 லட்சம் என்றால் இரண்டாவது கணக்கில் எட்டு லட்சம்தான் வரும்; எட்டு லட்சத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. விற்பனையாளர் காட்டும் ஆன்-ரோடு விலையில் பத்து சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டு, கடன் தொகையைக் குறைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள்.

இந்த மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. விற்பனை நிலையம் விலைச்சீட்டிலேயே தொகையைக் கழித்துக் கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர் பிறகு அதை அரசிடமிருந்து பெற்றுக்கொள்வார். 'முழுத் தொகையையும் கட்டுங்கள், மானியம் வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசிடமிருந்து பணம் வரும்வரை காத்திருப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. வட்டிக்குக் கடன் வாங்கியவர் தலையில் அதை ஏற்ற எந்த நியாயமும் இல்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான குழி அந்தச் சான்றிதழ்தான். பழைய லாரி ஒன்றை அழித்தால் மட்டுமே புதிய மின்சார லாரிக்கு மானியம் என்பது கட்டாய நிபந்தனை. ஸ்கிராப் மையம் தரும் வைப்புச் சான்றிதழை அங்கே சுருக்கமாக 'சி.டி.' என்பார்கள். அழிக்கப்படும் லாரியின் மொத்த எடை, வாங்கும் லாரியின் மொத்த எடைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை அரசே உயர்த்தியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு முன் வாங்கிய ஆறு சக்கர லாரியின் ஆர்.சி.யில் 16,200 கிலோ என்றிருக்கும். இன்று அதே ஆறு சக்கர லாரி 18.5 டன்னில் வருகிறது. பழைய பத்து சக்கர வண்டிக்கு 25 டன், இன்றைய வண்டிக்கு 28 டன். அதே சக்கரம், அதே அளவு என்று நம்பி ஒரு வண்டியை அழித்துவிட்டு வருபவர், இரண்டு மூன்று டன் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்படுவார். ஆர்.சி.யை எடுத்து, வெற்று வண்டியின் எடையைப் பார்த்து ஏமாறாமல், சரக்கோடு சேர்த்த மொத்த எடை எவ்வளவு என்று இன்றே பாருங்கள். எடை போதாவிட்டால், வேறொருவர் வண்டியை அழித்துப் பெற்ற சான்றிதழை டிஜி-இ.எல்.வி. இணையதளம் வழியாக விலைக்கு வாங்க வழி உண்டு. தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பிப் பணம் கொடுக்காமல், அந்தச் சான்றிதழில் உள்ள மொத்த எடையையும், அது வேறு சலுகைக்கு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதா என்பதையும் தளத்திலேயே பார்த்த பிறகு கொடுங்கள். ஒரு முறை பயன்படுத்திய சான்றிதழ் மறுமுறை செல்லாது.

பதிவு பெற்ற மையம் வண்டியை அப்படியே வாங்கிக்கொள்ளாது. ஆர்.சி.யில் உள்ள பெயர் உங்கள் பெயராக இருக்க வேண்டும், கடன் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும், வழக்கு நிலுவை இருக்கக் கூடாது. நம் ஊர் லாரிகளில் இவை மூன்றும் சரியாக இருப்பது அரிது. தந்தை இறந்து ஆண்டுகள் ஆகியும் வண்டி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகம், பிறகு படிவம் 31-உடன் போக்குவரத்து அலுவலகம். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் ஃபைனான்ஸ்காரரிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் நீக்கியிருக்க மாட்டார்கள். இன்று அந்த ஃபைனான்ஸ் அலுவலகம் இருந்த இடத்தில் துணிக்கடை இருக்கும். மகாராஷ்டிரத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விழுந்த இ-சலான்கள் வண்டி எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும். கணினியில் அரை நிமிடத்தில் தெரியும் இந்தக் குறைகளை மொத்தமாக ஒரே நாளில் சொல்லிவிட்டால் போதும். ஒரு முறை வருபவரிடம் ஒன்றும், மறுமுறை வருபவரிடம் இன்னொன்றுமாகச் சொல்லி, ஒரு நாள் வாடகையை இழந்து வருகிறவரை நான்கு முறை அலைய விடுகிறார்கள். எனவே வண்டியை இழுத்துச் செல்லும் கிரேனுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு வரி, சலான், கடன் குறிப்பு மூன்றையும் நீங்களே பார்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

காயலான் கடை தரும் விலையைவிட மையம் தரும் விலை குறைவாக இருக்கலாம், ஏனென்றால் காயலான் கடைக்காரர் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே விற்றுக் காசாக்குகிறார். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மானியத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஓடும் நிலையில் இருக்கும் நல்ல லாரியை மானியத்துக்காக மட்டும் அழிப்பது பெரும்பாலும் நட்டக்கணக்கு.

டீசல் லாரிகள் எல்லாம் போய் மின்சார லாரிகள் வந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்கள் வண்டி எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதுதான். துறைமுகத்துக்கும் கன்டெய்னர் கிடங்குக்கும் இடையே, சிமென்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் இடையே, ஒரே பாதையில் போய் வந்து இரவில் ஒரே இடத்தில் நிற்கும் லாரிகள் முதலில் மாறும். அரசும் துறைமுகம், சிமென்ட், எஃகு, சரக்குக் கிடங்குத் தொழில்களையே மனத்தில் வைத்து இந்தத் திட்டத்தை வகுத்திருக்கிறது. பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் இரண்டு ஆண்டுகளில் 150 மின்சார லாரிகளை வாங்க உறுதியளித்தது. நாமக்கல்லிலிருந்து முட்டையும், சங்ககிரியிலிருந்து கிடைத்த லோடும் ஏற்றிக்கொண்டு, அடுத்த லோடு எந்த மாநிலத்தில் என்று தெரியாமல் கிளம்பும் ஒற்றை லாரிக்காரருக்கு இன்றைக்கு இது பொருந்தாது. 2024இல் திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொன்ன சார்ஜர்கள் கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400. லாரிக்கென்று தனி எண் அதில் இல்லை.

வாங்குவதென்றே முடிவு செய்தால், ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை ஏற்காமல், முழு லோடோடு தொப்பூர் கணவாய் போன்ற ஏற்றத்தில் உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியின் எடையும் மொத்த எடைக்குள்தான் அடக்கம் என்பதால், டீசல் வண்டியில் ஏற்றிய அதே டன்னை இதில் ஏற்ற முடியாது. வாடகை பேசும்போது இது இடிக்கும். பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், வண்டிக்கும் மோட்டாருக்கும் 5 ஆண்டு அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருவது மானியத்துக்கான நிபந்தனை. இதற்குக் குறைவாக எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள். 2018 அக்டோபர் 18 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கைப்படி பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை. அதன் நகலை ஓட்டுநரிடம் கொடுத்து வையுங்கள். பெர்மிட் எங்கே என்று வழியில் கேட்பவருக்கு அதைக் காட்டினால் போதும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் வழக்கம்போல் வேண்டும்.

பழைய லாரியை ஒப்படைக்கும் நாளில் ஆர்.சி.யின் இரு பக்கங்களையும், சேஸிஸ் எண்ணையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வைப்புச் சான்றிதழில் அந்த எண்ணும் மொத்த எடையும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே மையத்தை விட்டு வெளியே வாருங்கள். வண்டியை வெட்டிய பிறகு சேஸிஸ் எண்ணில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த, காட்டுவதற்கு வண்டி இருக்காது.